ஓட்டு இல்லாத விருந்தாளி

"முஸ்லிம்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் ஒட்டமாட்டாங்க, தனிக் கூட்டமாத்தான் நிப்பாங்க" என்கிறார்கள். ஒட்ட விட்டார்களா?

1961-ல் ஒப்பந்தம் போட்டுத் துருக்கியரை வேலைக்கு அழைத்த மேற்கு ஜெர்மனி, அவர்களுக்கு வைத்த பெயர் 'விருந்தாளித் தொழிலாளி'. விருந்தாளிக்கு ஏது ஓட்டு? அங்கேயே பிறந்த பிள்ளைக்கும் 2000-ம் ஆண்டுவரை பிறப்பால் குடியுரிமை கிடையாது. துருக்கிக் குடியுரிமையை விட்டாத்தான் ஜெர்மன் குடியுரிமை என்ற பொது விதி 2024-ல்தான் போச்சு.

1960-களில் பிரிட்டன் போன பாகிஸ்தானியருக்கோ, காமன்வெல்த் நாட்டவர் என்பதால் ஓட்டு இருந்தது. அப்படிப் போன ஒரு பஸ் டிரைவரின் மகன் சாதிக் கான், 2016-ல் லண்டன் மேயர். முஸ்லிம் ஓட்டு மட்டும் விழுந்திருந்தா ஜெயிச்சிருக்க முடியுமா?

ஜெர்மனியிலோ, குடியுரிமை எடுக்காத துருக்கியர் இன்றும் வரி கட்டலாம்; நகரசபைத் தேர்தலில்கூட ஓட்டுப் போட முடியாது.