டெக்சாஸ் நத்தையும் ஓம் சொல்லும்

"அத்தான், காதுல வச்சுப் பாருங்க. ஓம்னு கேக்குதா?"

என் மைத்துனன் கேட்டான். புதுவீட்டுப் பூஜையறையில் வெள்ளித் தட்டு, அதன்மேல் சிவப்புப் பட்டு, பட்டின்மேல் அவன் வாங்கிவந்த வலம்புரிச் சங்கு. கொடுத்த விலையைச் சொன்னபோது என் மனைவி கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டாள். வந்திருந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் சங்கை வாங்கிக் காதில் பொருத்திக் கண்ணை மூடினார்கள். எல்லாருக்கும் கேட்டது. எனக்கும் கேட்டது. கேட்காமல் எங்கே போகும்? தலைக்குமேல் மின்விசிறி, அடுக்களையில் மிக்ஸி, வாசலில் பந்தல்காரர் வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். இத்தனை இரைச்சலில் எவர்சில்வர் டம்ளரைக் காதில் கவிழ்த்தால் அதுவும் பிரணவம் ஓதும். குழிவாக இருக்கும் எதுவும் சுற்றுப்புற ஓசையில் தனக்கு ஒத்துவருகிற அதிர்வெண்களை மட்டும் பொறுக்கிப் பெருக்கிக் காட்டும். சங்குக்குள் கடலும் இல்லை, ஓங்காரமும் இல்லை, சிலர் சொல்வதுபோல நம் ரத்தம் ஓடும் சத்தமும் இல்லை. ஒலி புகாத அறைக்குள் கொண்டுபோனால் அசல் வலம்புரியும் வாயை மூடிக்கொள்ளும்.

இதைச் சொன்னால் நாத்திகன் என்கிறார்கள். நான் வலம்புரியைப் பழிக்கவில்லை. திருப்பாவையில் ஆண்டாள் இடிக்கு உவமையாக வைத்தது வலம்புரியின் முழக்கத்தை. நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுக்கப் பாஞ்சசன்னியத்தோடுதான் பேசுகிறாள். அவள் யாருக்கும் காதில் வைத்துப் பார்க்கும் பரிசோதனை சொல்லித்தரவில்லை. அதைச் சொல்லித்தந்தது சந்நிதித் தெருக் கடைக்காரர். அவருக்கு இதைவிட வாகான பரிசோதனை கிடைக்காது. எந்தச் சங்கும் தோற்காத தேர்வு அல்லவா இது!

மைத்துனன் வாங்கிய சங்கு தோற்க வேண்டிய சங்கு. வாய்க்குள் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். நடுத்தூண் வழுவழுவென்று உள்ளே ஓடியது. நம் மன்னார் வளைகுடாச் சங்காக இருந்தால் அந்தத் தூணில் மூன்று நான்கு மடிப்புகள் வரப்புபோல எழும்பியிருக்கும். ஓடு கனத்து, பீங்கான்போலக் கெட்டியாக இருக்கும். இதுவோ மெல்லிசு, வால் நீண்டு ஒடுங்கியது. தோள்பக்கம் முடிச்சுகளைத் தேய்த்து எடுத்த தடம் வேறு தெரிந்தது. ஆள் யார் என்று புரிந்துவிட்டது. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வாழும் நத்தை. ஓட்டில் மின்னல்போலப் பழுப்புக் கோடுகள் ஓடுவதால் அங்கே மின்னல் நத்தை என்று அழைக்கிறார்கள். டெக்சாஸ் மாநிலம் 1987-இல் இதைத் தன் அதிகாரபூர்வச் சங்காக அறிவித்தது. இந்த இனத்தில் ஏறக்குறைய எல்லாமே வலம்புரிதான், பிறவியிலேயே. நம் ஊரில் லட்சக்கணக்கில் ஒன்று தேறினால் அதிசயம். அங்கே கடற்கரையில் காலாற நடந்தால் பொறுக்கலாம். கோடுகள் போக வெளுத்து, மெருகேற்றி, குங்குமம் வைத்தால் லட்சுமி கடாட்சம் தயார்.

அந்த டெக்சாஸ் நத்தைதான் எல்லார் காதிலும் ஓம் சொன்னது.

இப்போது எக்ஸ்ரேக்காரர்களிடம் வருவோம். சங்கோடு ஒரு எக்ஸ்ரே படமும், முத்திரை குத்தி லேமினேட் செய்த சான்றிதழும் தருகிறார்கள். எக்ஸ்ரேயில் என்ன தெரியும்? சுருள் தெரியும். பிசினில் வார்த்த பொம்மை இல்லை என்று தெரியும். டெக்சாஸ் நத்தைக்கும் சுருள் உண்டு, ஐயா! அமிலத்துளி விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பார்கள் சிலர். இரண்டும் சுண்ணாம்பு ஓடுதான், இரண்டும் நுரைக்கும். அரிசியில் புதைத்து வைத்தால் காலையில் அரிசி பெருகியிருக்குமாம்; பாலில் விட்டால் எதிர்த்துச் சுழலுமாம். நெற்குதிரில் ஒன்றைப் புதைத்துவிட்டு ரேஷன் கடைகளை மூடிவிடலாமே, ஏன் யாரும் செய்வதில்லை? சான்றிதழில் எடை இருக்கிறது, நீளம் இருக்கிறது, எந்த ராசிக்காரருக்கு ஆகும் என்றுகூட இருக்கிறது. எந்தப் பிராணியின் ஓடு என்பது மட்டும் இல்லை. 1767-லேயே லின்னேயஸ் நம் சங்குக்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார், 1914-இல் சென்னை மாகாண மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் இந்த ஒரே சங்கைப் பற்றி முழுப் புத்தகமே எழுதினார். சான்றிதழ் அச்சடிப்பவருக்கு ஒரு வரி எழுத இடம் கிடைக்கவில்லை.

வலமா இடமா என்பதிலும் வித்தை நடக்கிறது. கூரிய வால் மேலே இருக்க, வாய் நம்மைப் பார்க்கப் பிடித்தால் வலப்பக்கம் வாய் இருப்பது நமக்கு வலம்புரி. விலங்கியலார் உச்சியை மேலே வைத்துப் பார்ப்பார்கள், அதனால் அதே சங்கு அவர்களுக்கு இடச்சுழி. சண்டை ஒன்றும் இல்லை, பிடிக்கும் முறைதான் வேறு. ஆனால் இந்த இடைவெளியில் ஒரு வியாபாரம் புகுந்துவிட்டது. சாதாரண இடம்புரியைத் தலைகீழாகப் பிடித்துப் படம் எடுத்தால் வாய் வலப்பக்கம் வந்துவிடும். இன்னும் சுலபம் வேண்டுமா? கைப்பேசியில் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பும் பொத்தான் இருக்கிறது. ஒரே தட்டு, ஊதுகிற சங்கெல்லாம் வலம்புரி. வாட்ஸப் குழுக்களில் சுற்றும் 'அபூர்வ வலம்புரி' படங்களில் எத்தனை இந்தப் பொத்தானின் அருளால் பிறந்தவையோ!

அபூர்வம் என்று சொல்லிக்கொண்டே சிறியது, நடுத்தரம், பெரியது என்று அடுக்கிவைத்து விற்பது எப்படி என்று ஒரு வாடிக்கையாளரும் கேட்பதில்லை. கார்த்திகைச் சோமவாரத்தில் சிவன் கோயில்களில் நூற்றெட்டும் ஆயிரத்தெட்டும் சங்கு வைத்து அபிஷேகம் செய்கிறார்களே, அத்தனையும் வலம்புரியா? அடுக்கியிருப்பது இடம்புரிதான். ஈசன் ஒருநாளும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. ஈசனுக்குப் போதும் என்கிற சங்கு மூன்று படுக்கையறை வீட்டுக்காரருக்குப் போதவில்லை.

போலி என்று அந்த நத்தையைத் திட்டுவதும் எனக்கு உறுத்துகிறது. ஐரோப்பியர் கால்வைப்பதற்கு முன்பே அமெரிக்கப் பழங்குடிகள் இந்த மின்னல் நத்தையின் ஓட்டைக் கிண்ணமாக வெட்டிச் சடங்குகளில் பானம் அருந்தினார்கள். கடலிலிருந்து வெகுதூரம் உள்நாட்டில், ஒக்லஹோமாவின் ஸ்பைரோ மேடுகளில்கூட, நுட்பமாகச் சித்திரம் கீறிய கிண்ணங்கள் கிடைத்திருக்கின்றன. அதன் சுழி அவர்களுக்கும் சாதாரணம் அல்ல. தன் ஊரில் புனிதமாக இருந்த பிராணி, கப்பலேறி நம் ஊருக்கு வந்து மோசடி வழக்கில் மாட்டிக்கொண்டது. பாவம், அது தன் பெயரை மாற்றிச் சொல்லவில்லை. மாற்றிச் சொன்னவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.

சங்கை அறிந்தவர்கள் நம் கரையிலேயே இருக்கிறார்கள். தூத்துக்குடி திரேஸ்புரத்திலும் கீழக்கரைப் பக்கமும் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளிப்பவர்கள். பெரும்பாலும் பரதவக் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள். மண்ணுக்குள் பாதி புதைந்து புழுக்களைத் தின்று வாழும் ஒரு பிராணியை மூச்சடக்கிப் போய் எடுத்துவந்தார்கள். இப்போது கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள், ஆழத்திலிருந்து சட்டென்று மேலேறினால் ரத்தத்தில் காற்றுக்குமிழி கட்டிக் கைகால் முடங்கும் ஆபத்தோடு. சதையைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஓடு வங்காளத்துக்குப் போய் அங்குள்ள சுமங்கலிகளின் கையில் வெள்ளை வளையலாகிறது. இந்த வழியில் எந்த இடத்திலும் தீட்டு ஒட்டவில்லை. பூஜைக் கடைக்கு வந்ததும் மட்டும் "ஆசாரமில்லாத கை பட்டா சக்தி போயிடும்" என்று விற்பனையாளர் எச்சரிக்கிறார். கடலில் முதலில் தொட்டவர் யார் என்று அவருக்குத் தெரியுமா? தெரியும். நன்றாகவே தெரியும்.

இந்த ஏமாற்றில் சங்கு மட்டும் தனியாக நிற்கவில்லை. தண்ணீரில் முங்கினால்தான் அசல் ருத்ராட்சம் என்கிறார்கள், காய்ந்துபோன அசல் கொட்டை மிதக்கும், ஈயம் வைத்த போலி முங்கும். தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள், பாகைக் கெட்டியாகக் காய்ச்சினால் அதுவும் நேராக அடியில் போய் உட்காரும். அட்சய திருதியை அன்று நகைக்கடை வாசலில் விடிகாலையிலேயே வரிசை; என் பாட்டிக்கு அன்றைக்குத் தங்கம் வாங்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை, தானம் கொடுக்கும் நாள் என்றுதான் அவளுக்குத் தெரியும். வாஸ்துக்காரர் சொன்னதற்காகக் கழிப்பறையை இடித்துக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். படித்தவர்கள். பொறியாளர்கள். அலுவலகத்தில் ஒரு போல்ட் வாங்க மூன்று கொட்டேஷன் கேட்பவர்கள், சந்நிதித் தெருவில் மட்டும் கேள்வி கேட்டால் பாவம் என்று நினைக்கிறார்கள். என் மைத்துனனும் பொறியாளன்தான். டெக்சாஸ் என்றதும் அவன் சொன்ன பதில்: "இருக்கட்டும் அத்தான், ஓம்னு கேக்குதுல்ல?"

உண்மையிலேயே வலம்புரியாகச் சுருளும் நம் சங்கு எப்படிப் பிறக்கிறது? சுழியின் திசை கரு சில செல்களாக இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. சில குளத்து நத்தைகளில் தாயின் ஒரு மரபணு அதைத் தீர்மானிக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். இடக்கைப் பழக்கம்போல இயற்கையின் ஒரு மாறாட்டம். அதைக் கும்பிடுவது உங்கள் விருப்பம், நானும் பார்த்தால் கும்பிடுவேன். ஆனால் கும்பிடுவது எந்தப் பிராணியை என்றாவது தெரிய வேண்டாமா?

ஊதுகிற சங்கை ஊதிவைக்கிறேன். வாங்கத்தான் வேண்டும் என்றால் காதுக்குக் கொண்டுபோகாதீர்கள். சங்கின் வாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டு நடுத்தூணைத் தடவுங்கள். மடிப்புகள் வரிசையாகத் தட்டுப்பட வேண்டும், ஓடு கையில் கனக்க வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் அது டெக்சாஸ்காரன், அவனுக்கு எலுமிச்சம்பழ விலைக்கு மேல் ஒரு காசு கொடுக்காதீர்கள். விரல் விடக் கூடாது, தோஷம் என்று கடைக்காரர் கையைப் பிடித்தால் மேற்கொண்டு எதுவும் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். பஸ் கட்டணத்தோடு போயிற்று.