பற்றுச்சீட்டு இல்லாத கம்பி

2023ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை. ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அக்கா வசிக்கும் லயத்துக்கு அருகே இடி விழுந்தது. அதே நொடியில் அவளுடைய காம்பராவிலும் அடுத்தடுத்த நான்கு காம்பராக்களிலும் தொலைக்காட்சிப் பெட்டிகள் கருகின. பெட்டியின் பின்புறத்தில் கேபிள் முனையைச் சரிசெய்துகொண்டிருந்த அக்காவின் மகளுக்குக் கை மரத்துப்போயிற்று. உயிர் தப்பியது தெய்வாதீனம். பெட்டி தவணைக்கு வாங்கியது. இன்னும் பத்துத் தவணைகள் பாக்கியிருந்தன.

மாதந்தோறும் தவறாமல் பணம் வாங்க வரும் கேபிள்காரர் மறுநாள் வந்தார். "மின்னலுக்கு நானா பொறுப்பு, அக்கா?" என்றார். இதுவரை கட்டிய பணத்துக்குப் பற்றுச்சீட்டு எங்கே என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றுவரை என் மனத்தை விட்டு அகலவில்லை.

அனுமதியற்ற கேபிள் இணைப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஓரணி அதைத் திருட்டு என்கிறது. மற்ற அணி, "நாள் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு வருபவர்கள் ஒரு நாடகம் பார்ப்பதும் உங்களுக்குப் பொறுக்கவில்லையா?" என்று சீறுகிறது. இரு அணிகளுமே விஷயத்தைத் தவறவிடுகின்றன என்பது என் கட்சி.

இந்தக் கம்பி எப்படி வந்தது என்பதை முதலில் நினைவிற்கொள்வோம். 1982இல் ரூபவாஹினி ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலையின் உச்சியிலேயே ஒலிபரப்புக் கோபுரம் நின்றது. ஆயினும் மலை மடிப்புகளுக்குள் ஒளிந்திருந்த லயங்களுக்குப் படம் ஒழுங்காக வரவில்லை. வந்தபோதும் அதில் தமிழுக்குக் கிடைத்த நேரம் சொற்பம். 1993இல் சென்னையில் சன் தொலைக்காட்சி தொடங்கியது. செய்மதி வழியே தமிழ் வானத்திலிருந்து இறங்கியது. டிஷ் வாங்க வசதியுள்ள ஒருவர் அயலவருக்கும் கம்பி இழுத்துக் கொடுத்தார். பின்னர் அதுவே தொழிலாயிற்று. தேவை நியாயமானது. பணம் கொடுத்துப் பார்ப்பவரைத் திருடர் என்று நான் சொல்லமாட்டேன். அனுமதி பெறாமல், எந்தப் பொறுப்பும் ஏற்காமல், அந்தப் பணத்தை வாங்குபவரைப் பற்றித்தான் என் வழக்கு.

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றித் தொலைத்தொடர்பு முறைமை ஒன்றை நடத்துவது குற்றம். 'கொழும்பிலுள்ளவர்களின் சட்டம் நமக்கு எதற்கு?' என்று கேட்கலாம். அனுமதிப்பத்திரம் என்பது வெறும் முத்திரை குத்திய தாள் அன்று. விபத்து நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதை எழுதிவைத்த சாட்சி அது. அந்தச் சாட்சி இல்லாத இடத்தில் முறைப்பாடு செய்யவும் வழியில்லை. இழப்பீடு கோரவும் வழியில்லை.

ஆபத்து எங்கே இருக்கிறது? கேபிளின் நடுவே ஒரு செப்புக்கம்பி. அதைச் சுற்றி உலோகப் பின்னல். முறையாக இழுப்பவர்கள் அந்தப் பின்னலை வீட்டினுள் நுழையுமுன் புவித்தொடுப்புச் செய்வார்கள். நம் லயங்களில் நடப்பது வேறு. மின்கம்பி செல்லும் அதே கம்பத்தில் கேபிளும் கட்டப்படுகிறது. தகரக் கூரையின் விளிம்பில் உராய்ந்தபடி காம்பராவுக்குக் காம்பரா தாவுகிறது. காற்றிலும் மழையிலும் உறை தேய்ந்து மின்கம்பியைத் தொட்டுவிட்டால், 230 வோல்ட் நேரே பெட்டியின் பின்புற முனைக்கு வந்துவிடும். இடி மின்னல் மிகுந்த பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் ஒரே கம்பி ஒரு லயம் முழுவதையும் மின்னலுடன் கோத்துவிடுகிறது. அடுத்தடுத்து ஒட்டிய லயங்களில் ஒரு காம்பராவில் பிடித்த தீ ஒரு காம்பராவோடு நிற்பதில்லை என்பதை மலையகத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னோர் இழப்பும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மலைநாட்டில் மண்சரிவுகள் ஊர்களையே விழுங்கின. அத்தகைய நாளில் மக்களுக்கு வேண்டியது உள்ளூர்த் தமிழ்ச் செய்தியும் எச்சரிக்கையும். சென்னை அலைவரிசைகளை மட்டும் சுமந்துவரும் கம்பி, மெரீனாவில் மழை பெய்வதைச் சொல்லும்; நம் தலைக்குமேலுள்ள மலை அசைவதைச் சொல்லாது.

காகிதத்தின் அருமை நம்மைவிட வேறு யாருக்குத் தெரியும்? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாக்கி இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. 2003இல் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வரும்வரை மிஞ்சியோர் காத்திருந்தனர். கையில் ஒரு தாள் இல்லாததால் இரண்டு தலைமுறைகள் பட்ட பாட்டை அறிந்த சமூகம், தன் கூரைமீது தாளில்லாத கம்பியை எப்படிச் சகித்துக்கொள்கிறது?

பழி அக்காவின்மீது இல்லை. 2021இல் நிர்ணயமான 1,000 ரூபா நாட்சம்பளத்தில் அவள் எந்தப் பெரிய கம்பனியின் இணைப்பை வாங்கியிருப்பாள்? ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வந்து கம்பியை அறுத்துவிட்டுப் போவது தீர்வாகாது. சிறிய நடத்துநருக்கும் கட்டுப்படியாகும் அனுமதிமுறை வேண்டும்; கம்பி இழுக்குமுன் மின்பரிசோதனை வேண்டும்; உள்ளூர்த் தமிழ் அலைவரிசைகள் கட்டாயமாக்கப்பட வேண்டும். லயங்களை நிர்வகிக்கும் பெருந்தோட்டக் கம்பனிகள் அவற்றின் கூரைமீது என்ன ஓடுகிறது என்று பார்க்கவேண்டும். மாதந்தோறும் சந்தா பெறும் தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இதையும் வைக்கவேண்டும்.

அதுவரை நம் கையிலிருப்பது ஒன்றே. அடுத்த மாதம் பணம் வாங்க வருபவரிடம் பற்றுச்சீட்டு கேளுங்கள். அனுமதி இலக்கத்தைக் கேளுங்கள். கம்பிக்குப் புவித்தொடுப்பு எங்கே என்று கேளுங்கள். இடி முழங்கினால் மின்செருகியோடு கேபிள் முனையையும் கழற்றி வையுங்கள். ஆனால் வானம் இருளத் தொடங்கும்போதே, மின்னல் வருமுன்.

அவர் சிரிக்கலாம். ஒரு காம்பராவிலிருந்து கேள்வி வந்தால் சிரிப்பார். இருபது காம்பராவிலிருந்தும் வந்தால் சிரிக்கமாட்டார்.