சில்லைக் கழற்றுமுன்

நம் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி வாழும் ஆசிரியர் ஒருவர், சென்ற சனிக்கிழமை மாலை தம் மகனையும் ஒரு தாளையும் கொண்டு நம்மிடம் வந்தார். மகன் உயர்தர வகுப்பிற் பௌதிகம் படிப்பவன். தாளில் இருந்ததோ ஆயுதங்களின் பட்டியல். வாசகர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஸ்பனரையும் சுத்தியலையும் நம்மவர் ஆயுதம் என்றே சொல்லிப் பழகிவிட்டனர்.

ஆசிரியரிடம் பழைய ஜப்பானியக் கார் ஒன்று உண்டு. சில நாட்களாகப் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன்சில்லில் இருந்து கீச்சிடும் ஒலி எழுகின்றதாம். பிரேக் பேட் தேய்ந்து மெலியும்போது, அதிற் பொருத்திய சிறு இரும்புத் தகடு சுழலும் தட்டில் உராய்ந்து எழுப்பும் எச்சரிக்கை ஒலி அது. கராச்சிற் கேட்ட கூலி ஆசிரியரைத் திகைக்க வைத்தது. “நாமே மாற்றலாம் அப்பா” என்றான் மகன். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியில், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் உள்ள காரையே பேணிக்கொள்ள வேண்டியிருந்தமையால், வீட்டு முற்றத்திற் சில்லைக் கழற்றத் துணிந்தோர் பலர். அத்துணிவை நாம் குறை கூறமாட்டோம். முன்சில்லின் பேட் மாற்றுவது பொறுமையுள்ளவர்க்குக் கைகூடும் வேலையே.

பட்டியலை வாசித்தோம். நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகள் அடங்கிய ஸ்பனர்ப் பெட்டி ஒன்று, சுத்தியல் இரண்டு, குறடு, அரம், இன்னும் பல. நாம் தேடியது மட்டும் அதில் இல்லை.

“தம்பி, காரை எதன்மேல் நிறுத்துவீர்?” என்று கேட்டோம்.

“காரோடு வந்த ஜக் இருக்கிறது ஐயா. அது போதாதா?”

நாமும் ஒருகாலத்தில் இவ்வாறே எண்ணியவர்தாம். நமது முற்றம் மணல் முற்றம். காரின் ஒரு பக்கத்தை ஜக்கினால் உயர்த்திச் சில்லைக் கழற்றினோம். காவலுக்கென்று அடியிற் சீமெந்துக் கல் ஒன்றையும் வைத்தோம். உதவிக்கு வந்த மருமகன், கழற்றிய சில்லு காலில் இடறுகின்றதென்று அதனைக் காரின் அடியிலே தள்ளிவிட்டான். இறுகிய போல்ட் ஒன்றை நாம் பலங்கொண்டு இழுத்தபோது கார் அசைந்தது. ஜக் மணலிற் சரிந்தது. சீமெந்துக் கல் பாரம் தாங்காது பிஸ்கற்றுப் போல நொறுங்கியது. கார் வந்து விழுந்தது அந்தச் சில்லின்மேல். மருமகனின் கை அவ்விடத்திலிருந்து அகன்று ஒரு நிமிடங்கூட ஆகவில்லை. அன்று அவன் காட்டிய சோம்பலே அவன் கையைக் காத்தது.

ஆகவே, வாங்க வேண்டியவற்றுள் முதலாவது ஒரு சோடி இரும்புத் தாங்கி என்று மாணவனுக்குச் சொன்னோம். உதிரிப்பாகக் கடைகளில் ‘ஸ்ராண்ட்’ என்று கேட்டால் தருவர். ஜக் என்பது உயர்த்துவதற்கு, தாங்குவதற்கு அன்று. சிறிய கார் ஒன்றின் எடை ஏறக்குறைய ஒரு தொன். ஆயினும் இரண்டு அல்லது மூன்று தொன் தாங்குமெனப் பொறித்த சோடியையே வாங்குவது நன்று. பூட்டுப்பல் நன்கு பொருந்துகின்றதா எனக் கடையிலேயே உயர்த்தித் தாழ்த்திப் பார்க்க வேண்டும். தாங்கியை எங்கே வைப்பதென்பதைக் காரின் கைந்நூல் காட்டும்; நம் நாட்டில் ஓடும் பல கார்களின் கைந்நூல் ஜப்பானிய மொழியில் இருப்பது வேறு கதை; நல்லவேளையாகப் படங்களுக்கு மொழி வேண்டியதில்லை. மணலையும் புல்லையும் விட்டுச் சீமெந்துத் தரைக்குக் காரைக் கொண்டுவருக. பின்சில்லுகளின் முன்னும் பின்னும் மர ஆப்பு இடுக. கழற்றிய சில்லை நம் மருமகன் போல அடியிற் கிடத்துக. ஆனால் அறிந்து கிடத்துக.

இனி அந்த நூற்றுச் சொச்சம் துண்டுகளுக்கு வருவோம். பெரும்பாலான கார்களில் முன் பேட் மாற்ற வேண்டியவை அவற்றுட் சிலவே. சில்லு நட்டுக்கு 19 அல்லது 21 மில்லிமீற்றர். பேட்டை இறுகப்பிடிக்கும் கலிப்பரின் போல்டுக்குப் பல ஜப்பானியக் கார்களில் 12 அல்லது 14. கலிப்பரின் ஊசி சேர்ந்து சுழலாமற் பிடித்துக்கொள்ள மெல்லிய திறந்தவாய் ஸ்பனர் ஒன்று. இவற்றைத் தனித்தனியே நல்ல உருக்கில் வாங்கினால், மலிந்த பெட்டியின் விலையிலும் குறைவாகவே முடியக்கூடும். சொக்கற் வாங்கும்போது அதன் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மூலையுடையது போல்டின் மூலைகளையே பற்றும். ஆறு மூலையுடையது பக்கங்களையும் பற்றும். ஆண்டுக்கணக்காகத் துருப்பிடித்த போல்டுக்கு ஆறே நன்று. வாயை விரித்துச் சுருக்கும் ஸ்பனரை இவ்வேலைக்குக் கையில் எடுத்தலே ஆகாது.

ஆசிரியர் இவ்விடத்தில் மெல்லக் குறுக்கிட்டார். “எங்கள் ஐயாவின் ஸ்பனர்ப் பெட்டி வீட்டில் இருக்கிறது. மொரிஸ் மைனர் வைத்திருந்த காலத்தது. நல்ல இங்கிலாந்துச் சாமான்.”

நல்ல சாமான்தான்; ஐயமில்லை. ஆனால் அவை அங்குல அளவின. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். அதனை 12 மில்லிமீற்றர் போல்டில் மாட்டி இழுத்தால் மூலைகள் மழுங்கி, பின்னர் எந்த ஆயுதத்துக்கும் அது மசியாது. மேலும், மொரிஸ் மைனரில் நான்கு சில்லுக்கும் உருளைப் பிரேக்கே. தட்டுப் பிரேக்கின் பெருமையை உலகறியச் செய்தது 1953-ஆம் ஆண்டு லே மான்ஸ் ஓட்டப்பந்தயத்தில் ஜாகுவார் பெற்ற வெற்றி. சாதாரண வீட்டுக் கார்களுக்கு அது வந்து சேர மேலும் காலம் சென்றது. தந்தையாரின் பெட்டியை எண்ணெய் பூசிப் பத்திரமாக வைத்திருக்கும்படி ஆசிரியரிடம் சொன்னோம்.

அடுத்தது, மாணவன் விரும்பிக் கேட்ட பகுதி. புதிய பேட் தடித்தது. அதற்கு இடம் விடுவதற்கு, வெளியே நீண்டிருக்கும் முசலத்தை, அதாவது பிஸ்டனை, உள்ளே தள்ள வேண்டும். தச்சர் பலகை ஒட்டும்போது இறுக்கும் ஜி கிளாம்ப் ஒன்று இதற்குப் போதும். முசலத்தின்மேல் பழைய பேட்டை வைத்து, அதன்மேல் கிளாம்பை மெல்ல மெல்லத் திருக வேண்டும். பஸ்காலின் தத்துவத்தைப் படித்தவன் அடுத்து நிகழ்வதைத் தானே சொல்வான்: அமுக்கத்தினால் பாயி பின்வாங்கி மேலேயுள்ள போத்தலுக்கு ஏறும். போத்தல் விளிம்புவரை நிறைந்திருந்தால் வழியும்; வழிந்தது வர்ணத்தை அரித்துவிடும். ஆதலின் முன்னரே எட்டிப் பார்த்துக்கொள்வது நன்று. அதனைப் பிரேக் எண்ணெய் என்று நாம் சொல்லினும் அஃது எண்ணெய் அன்று. மூடியில் DOT என்ற மூன்று எழுத்துக்குப்பின் 3 அல்லது 4 எனக் குறித்திருக்கும். குறித்ததையே இட வேண்டும். எஞ்சின் எண்ணெயில் ஒரு துளி கலந்தாலும் உள்ளேயுள்ள இறப்பர் வீங்கிப் பிரேக்கே கெடும். கழற்றிய கலிப்பரை அதன் குழாயிலே தொங்கவிடலாகாது. கம்பித் துண்டொன்றை வளைத்துக் கொளுவிவிடுக.

முறுக்கம் அளக்கும் சாவி விலை கூடியது. எனினும் சுத்தியல் இரண்டையும் நீக்கி இதனைச் சேர்க்கும்படி சொன்னோம். சில்லு நட்டுக்குப் பல கார்களில் வேண்டியது ஏறக்குறைய 100 நியூற்றன் மீற்றர். அஃதாவது ஒரு மீற்றர் நீளத் தண்டின் நுனியிற் பத்துக் கிலோவைத் தொங்கவிட்டாற் போன்றது. கலிப்பர் போல்டுக்கு இதனினும் மிகக் குறைவு. கைப்பலத்தை மட்டும் நம்பும் இளைஞர் அந்தச் சிறு போல்டின் புரியை அறுத்துவிடுவதே பெரும்பாலும் நிகழ்வது.

தூசியைப்பற்றியும் ஒரு சொல். பழைய பேட்டுகளிற் கல்நார் சேர்ந்திருக்கலாம். வாயாலும் காற்றுக் குழலாலும் ஊதாமல், முகமூடி அணிந்து, பிரேக் கழுவும் திரவத்தால் நனைத்துத் துணியால் துடைக்க வேண்டும். இது ஒரு டின் திரவத்தோடு முடியும் காரியம்.

“பின்சில்லையும் பார்த்துவிடலாமா ஐயா?” என்றான் மாணவன். வேண்டாம் என்றோம். கைப்பிரேக்கோடு இணைந்த பின் கலிப்பர்களிற் பலவற்றின் முசலத்தைத் திருகியே உட்செலுத்த வேண்டும். கிளாம்பினால் நெரித்தால் உள்ளே உடையும். அதற்குத் தனிக் கருவி உண்டு. மின்சாரக் கைப்பிரேக் உள்ள கார்களுக்குக் கணினிக் கருவியும் தேவை. பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களிலோ, ஓட்டுநரின் கதவைத் திறந்தாலே பிரேக் பம்பி தானாக அமுக்கம் ஏற்றக்கூடும்; அவ்வேளை கலிப்பர் கழன்றிருந்தால் முசலம் வெளியே பாய்ந்துவிடும். இவ்வகைக் கார் உடையவர் கராச்சுக் கூலியை முகஞ்சுளியாது கொடுப்பதே நன்று.

மறுநாட் காலை தந்தையும் மகனும் கடைக்குப் போய்வந்தனர். தாங்கி ஒரு சோடி, சொக்கற் மூன்று, கிளாம்ப் ஒன்று, முறுக்கச் சாவி ஒன்று. தூக்குமுன்னரே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தினர். ஒரு பக்கம் முழுவதும் முடிந்த பின்னரே மறுபக்கம் கழற்றினர். ஐயம் வந்தபோது போய்ப் பார்த்துக்கொள்ள மாதிரி ஒன்று வேண்டுமல்லவா? கராச்சில் ஒரு மணி நேரத்து வேலை, அவர்களுக்கு நான்கு மணி நேரம் சென்றது.

எல்லாம் பூட்டி முடிந்ததும் ஆசிரியர் ஆசனத்தில் அமர்ந்து பிரேக்கை மிதித்தார். அது தரைமட்டம்வரை போயிற்று. அவர் முகம் வெளுத்துவிட்டது. “பயப்பிடாதேயுங்கோ அப்பா, பிஸ்டன் இன்னும் பேட்டைத் தொடவில்லை. திரும்பத் திரும்ப மிதியுங்கோ” என்றான் மகன். நான்காம் முறை மிதித்தபோது அது காலுக்குக் கல்லெனத் தடுத்தது. அதன் பின்னரே அவர் எஞ்சினை முடுக்கினார்.