பொது மென்பொருளும் பராமரிப்புப் பொறுப்பும்

மூலநிரல் யாவரும் காணுமாறு திறந்து வைக்கப்பட்ட மென்பொருள்களை நம் அரசாங்க அலுவலகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் இன்று நாள்தோறும் கையாளுகின்றன. இவற்றை எவரும் பெறலாம், பயிலலாம், திருத்தலாம். இவ்வுரிமைகளைப் பற்றி நிரம்பப் பேசப்பட்டுள்ளது. பழுது நேர்ந்தால் விழித்திருந்து அதனைக் களைபவர் யார் என்பது பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை.

இணையத்தில் செல்லும் செய்திகளை மறைகுறியாக்கிக் காப்பது ‘ஓப்பன் எஸ்எஸ்எல்’ என்னும் மென்பொருள். 2012-இல் வெளியான அதன் பதிப்பில் புகுந்த ‘ஹார்ட்ப்ளீட்’ என்னும் பழுது 2014 ஏப்ரலில்தான் வெளிப்பட்டது. பெருநிறுவனங்கள் பலவும் நம்பியிருந்த அம்மென்பொருளுக்கு முழுநேரமும் உழைத்தவர் அப்பொழுது ஒருவரே. ஆண்டுதோறும் வந்த நன்கொடையோ ஏறத்தாழ 2,000 டாலர்! அதன் பின்னரே நிறுவனங்கள் ஒன்றுகூடிப் பொருளுதவி செய்யலாயின.

பொருள் கொடுத்தால் போதும் என்று பலர் எண்ணினர். போதாது என்பதை 2024 மார்ச்சு மாத நிகழ்ச்சி காட்டிற்று. ‘எக்ஸ்இசட்’ என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு மென்பொருள். அதனை ஒருவர் ஊதியமின்றித் தம் ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். தம் மனநலம் குன்றியிருப்பதை அவர் தெரிவித்த பின்னரும், முன்பின் அறியாத பெயர்களில் கடிந்துரைக்கும் மடல்கள் வந்தன. உதவ முன்வந்த புதியவர் ஒருவர் இரண்டாண்டுகளுக்கு மேல் ஒழுங்காக உழைத்து நம்பிக்கை பெற்றார். பராமரிப்புப் பொறுப்பிலும் பங்கு பெற்றார். பின்னர் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் பிறர் கணிப்பொறிக்குள் நுழையவல்ல கள்ளவழி ஒன்று ஒளித்து வைக்கப்பட்டது. தொலைக் கணிப்பொறியில் நுழைய ஏறக்குறைய அரை விநாடி மிகுதியாவதைக் கண்டு ஐயுற்ற பொறியாளர் ஒருவரே அதனை வெளிப்படுத்தினார். டெபியனின் சோதனைப் பதிப்புகளில் அது புகுந்துவிட்டிருந்தது, நிலைப்பதிப்பு தப்பிற்று. நம் நாட்டின் ‘பாஸ்’ இயக்க முறைமை டெபியனை அடிப்படையாகக் கொண்டது என்பதை வாசகர்கள் இங்கு நினைவுகூர வேண்டும்.

களைத்துப்போன ஒருவர், சுமையைத் தாங்க முதலில் வந்தவரிடம் அதனைக் கொடுத்தார். நம்பத்தக்க வேறு எவரும் வரவில்லை என்பதன்றோ உண்மை?

நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் கலைச்சொற் பட்டியை மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரே காத்து வந்தார. நாங்கள் யாவரும் அதிலிருந்து சொல் எடுத்தோம். தவறு கண்டால் அவரிடமே குறை கூறினோம். ஒரு சொல்லையும் நாங்களாகச் சேர்த்ததில்லை. அவர் ஓய்வு பெற்ற ஆறு மாதங்களுக்குள் ஒரே கருவிக்கு மூன்று பெயர்கள் எங்கள் மொழிபெயர்ப்புகளில் உலவலாயின.

திறந்த மூலநிரல் மென்பொருளை ஏற்பது பற்றி இந்திய அரசாங்கம் 2015-இல் கொள்கை வகுத்தது. ஏற்பதோடு நில்லாமல், ஒவ்வோர் அலுவலகமும் தான் நம்பியுள்ள மென்பொருள்கள் எவை, அவற்றை எத்தனை பேர் காக்கின்றனர் என்று கணக்கெடுத்தல் வேண்டும் என்பது என் கருத்து. ஒருவரே தாங்கும் இடத்திற்குத் தன் பொறியாளரின் உழைப்பில் வாரத்திற்கு ஒரு நாளையேனும் ஒதுக்கட்டும். அவ்வுழைப்பு அலுவலகப் பணியாகவே பதிவு பெறட்டும். பிறர் செய்த பொருளுக்கு நம் வரிப்பணத்தைச் செலவிடுவதா எனச் சிலர் கேட்கக்கூடும். அப்பொருள் பழுதுறும் நாளில் நம் அலுவலகங்கள் முடங்குவதும் செலவுதானே!

நிரல் எழுத அறியாதவர்க்கும் இதில் வேலை உண்டு. பிழையைத் தெளிவாக எழுதி அறிவிக்கலாம், விளக்க நூல்களைச் சீர்செய்யலாம், மொழிபெயர்க்கலாம். இக்கட்டுரையைத் தட்டெழுதிய சொற்செயலியும் அவ்வகை மென்பொருளே. அதன் தமிழ்ச் சொற்கள் சிலவற்றில் எனக்கு உடன்பாடில்லை என்று நண்பர்களிடம் பலமுறை கூறியிருக்கிறேன். திருத்தம் ஒன்றும் இதுவரை அனுப்பியதில்லை.