கிராஃப்ட் எழுதுவதற்கு முன்

சிபிசிடி படத்தில் எலும்பு கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலே சிகிச்சைத் திட்டத்தில் ‘போன் கிராஃப்ட்’ என்று எழுதிவிடும் பழக்கம் நம்மிடையே ஊன்றிவிட்டது. உயரம் குறைகிறதா, அகலம் குறைகிறதா, அந்தக் குறைவு அந்த இடத்தில் எதைக் கெடுக்கும் என்று பார்த்த பிறகே அந்த வரி எழுதப்பட வேண்டும்.

கீழ்க் கடைவாய்ப் பகுதியில் நரம்புக் குழாய்க்கு மேல் 8 மி.மீ. எலும்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 மி.மீ. இம்ப்ளான்ட்டே வைத்துப் பழகிய கைக்கு அது போதாது. 2 மி.மீ. பாதுகாப்பு இடைவெளி விட்டு 6 மி.மீ. இம்ப்ளான்ட் வைப்பவருக்கு அதே எலும்பு போதும். கீழ்த்தாடையில் உயரத்தைக் கூட்டும் அறுவை நம் வேலைகளிலேயே மிகக் கடினமானவற்றுள் ஒன்று. தையல் பிரிகிறது, மெம்பிரேன் வெளியே தெரிகிறது, சீழ் பிடிக்கிறது, சிலருக்கு உதடு மரத்துப்போகிறது. தேய்ந்த கீழ்த்தாடையில் எலும்பை உயர்த்துவதைவிடக் குட்டை இம்ப்ளான்ட்டே மேலானதாகத் தோன்றுகிறது என்று 2009இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வும் சொன்னது. குட்டை இம்ப்ளான்ட்டுக்குப் போதிய அகலம் வேண்டும். இரவில் பல்லைக் கடிப்பவரிடம் யோசித்துத்தான் வைக்க வேண்டும். அந்த வரம்புகளுக்குள் வரும் நோயாளியிடம் கிராஃப்ட்டை முதல் வழியாகச் சொல்வது சரியல்ல என்றே கருதுகிறேன்.

மேல் கடைவாயில் சைனஸ் லிஃப்ட்டைப் பற்றியும் ஏறக்குறைய இதையே சொல்லலாம். பக்கவாட்டில் ஜன்னல் திறக்காமல், இம்ப்ளான்ட் துளை வழியாகவே சவ்வை உயர்த்தி 8 மி.மீ. இம்ப்ளான்ட் வைக்க முடிகிற இடங்கள் நிறைய இருக்கின்றன.

மேல் முன்பல்லுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே உதட்டுப் பக்க எலும்புத் தகடு பெரும்பாலானோருக்கு 1 மி.மீ.யைத் தாண்டாது. அதன் உட்புறம் முழுக்க, பல் வேரைப் பிடித்திருக்கும் நார்கள் பதிந்த பண்டில் போன். பல் இருக்கும்வரைதான் அதற்கு வேலை. பல் போனதும் அதுவும் கரைந்துவிடுகிறது. 2005இல் அராவுஜோவும் லிண்டேயும் நாய்களில் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மனிதரில் பின்பற்களைப் பிடுங்கிய இடங்களை ஓர் ஆண்டு தொடர்ந்து அளந்த ஷ்ராப் குழுவினர் 2003இல் எழுதியது இன்னும் கவனிக்கத்தக்கது: எலும்பு மேட்டின் அகலத்தில் பாதி போய்விடுகிறது, அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நேர்கிறது. பிடுங்கிய அன்றே இம்ப்ளான்ட் வைத்தாலும் இந்தக் கரைவு நிற்பதில்லை.

ஆகவே முன்பல்லில் கிராஃப்ட்டை ஈறுக்காகவும் முகத்துக்காகவும் வைக்கிறோம். தகடு கரைந்த பிறகும் இம்ப்ளான்ட் ஆடாமல் பல ஆண்டுகள் நிற்கக்கூடும். ஈறு மட்டும் மேலேறி, சிரிக்கும்போது பல் நீண்டு தெரியும், ஈறின் ஊடே சாம்பல் நிறம் தெரியும். இம்ப்ளான்ட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் 2 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் மெதுவாகக் கரையும் துகளை இட்டு நிரப்புவதில் தயக்கம் வேண்டாம். செலவைக் குறைக்க எண்ணுகிறவர் வேறு எங்கும் குறைக்கட்டும், இங்கே வேண்டாம்.

எலும்பு வேண்டுமா என்ற பேச்சு இம்ப்ளான்ட் வைக்கும் நாளில் தொடங்குவது மிகவும் தாமதம். பல் பிடுங்கும் நாளிலேயே பாதி முடிவு நடந்துவிடுகிறது. பல்லை உதட்டுப் பக்கமாக ஆட்டி எடுக்கும்போது அந்த மெல்லிய தகடு உடைந்து பல்லோடு வந்துவிடுகிறது. பெரியோடோம் கொண்டு நாரை அறுத்து நேராக இழுப்பதும், கடைவாய்ப்பல்லின் வேர்களைப் பிரித்துத் தனித்தனியாக எடுப்பதும் சற்றே கூடுதல் நேரம் கேட்கும் வேலைகள்தாம். அந்த நேரத்தைக் கொடுத்தால் பின்னால் ஓர் அறுவை மிச்சமாகலாம். பிடுங்குகிறவர் ஒருவராகவும் இம்ப்ளான்ட் வைக்கிறவர் வேறொருவராகவும் இருக்கும் நம் கிளினிக்குகளில் இது முன்கூட்டிப் பேசப்பட வேண்டிய விஷயம்.

கிராஃப்ட் வேண்டும் என்று முடிவானால், அது எதிலிருந்து வந்தது என்று நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும். நாம் அதிகம் பயன்படுத்தும் துகள்கள் மாட்டெலும்பிலிருந்து வருபவை. கொலாஜன் மெம்பிரேன்கள் பலவும் பன்றியிலிருந்து வருபவை. சில, இறந்த மனிதரின் எலும்பு. மாட்டிறைச்சி உண்ணாதவரும் பன்றியை விலக்கியவரும் புலாலே தொடாதவரும் நம் நாற்காலியில் தினமும் அமர்கிறார்கள். அவர்கள் உடலுக்குள் பல ஆண்டுகள் தங்கப்போகும் பொருளைப் பற்றிக் கேட்காமலே வைப்பது எனக்கு வேதனை தருகிறது. அவரவர் தாடையிலிருந்தே சுரண்டி எடுக்கும் எலும்பு இருக்கிறது, செயற்கையான ஹைட்ராக்ஸி அபடைட், பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் இருக்கின்றன. அவற்றின் நிறைகுறைகளைச் சொல்லி, தேர்வை அவரிடம் விட வேண்டும். ஒப்புதல் படிவத்தில் ‘கிராஃப்ட் பொருள்’ என்ற ஒற்றைச் சொல் போதாது. பொருளின் பெயரும் எந்த உயிரினம் என்பதும் தமிழில் எழுதப்பட வேண்டும்.

இனி இந்த இதழுக்கு இம்ப்ளான்ட் சிகிச்சை அறிக்கை அனுப்பும் நண்பர்கள், அறுவைக்கு முன் இருந்த எலும்பின் உயரத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் தர வேண்டுகிறேன். கிராஃப்ட் வைத்திருந்தால், அது இல்லாமல் செய்ய எந்த வழியை யோசித்து ஏன் விட்டீர்கள் என்றும் ஒரு பத்தி எழுதுங்கள். கிராஃப்ட் இல்லாமல் முடித்த சிகிச்சைகளையும் அனுப்புங்கள். அவற்றுக்கும் அதே அளவு இடம் தருவோம்.