இன்னும் 118 கிலோமீட்டர்

சில மாதங்களுக்கு முன், ஒரு காலை வேளையில், வால்பாறையிலிருந்து நம் துணைவியாருக்குத் தொலைபேசி வந்தது. அவருடைய தாய்மாமன் வஃபாத்தாகிவிட்டார். அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம். தந்தையை இளவயதிலேயே இழந்த அவருக்குத் தந்தையின் இடத்தில் நின்றவர் அந்த மாமா. மத்ரஸாவில் பிள்ளைகளை இன்னோர் உஸ்தாதிடம் ஒப்படைத்துவிட்டு, பத்தரை மணிக்குத் திண்டுக்கல்லிலிருந்து புறப்பட்டோம். காரில் நாமும் துணைவியாரும் பத்து வயது மகனும் மாமியாரும் இருந்தோம்.

பொள்ளாச்சியை அடைந்தபோது மணி ஒன்றேகால். டேஷ்போர்டில், மீதமுள்ள பெட்ரோலுக்கு இன்னும் 118 கிலோமீட்டர் ஓடும் என்று காட்டியது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறத்தாழ 65 கிலோமீட்டர். வழியிலிருந்த பங்க்கில் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. “பெட்ரோல் போட்டுக்கொள்ளலாமே” என்றார் மாமியார். “ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கிறது மாமி, திரும்பும்போது போட்டுக்கொள்ளலாம்” என்றோம். நேரத்தை மிச்சப்படுத்துவதாகவே எண்ணினோம்.

ஆழியாற்றில் 96 காட்டியது. அதுவரை குறையொன்றுமில்லை. பின்னர் மலைப்பாதை தொடங்கியது. வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது பலரும் அறிந்ததே. இரண்டாம் கியரில், நால்வரின் எடையோடு, ஏசியும் ஓட ஏறினோம். எண் படிப்படியாகக் குறையவில்லை, சரிந்தது. ஒரு வளைவில் 83, இரண்டு வளைவு தாண்டினால் 74. அட்டகட்டியை நெருங்கும்போது, மலையில் இருபது கிலோமீட்டர்கூட ஏறியிராத நிலையில், 47 என்று நின்றது. ஏறிய தூரத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் அந்த எண் தின்றுவிட்டது. இருபுறமும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் காடு. கைபேசியில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. ஏறிய வழியில் ஒரு பங்க்கும் கண்ணில் படவில்லை. பின்னிருக்கையில் வயது முதிர்ந்த பெண்மணி. மனக்கணக்குப் போட்டுப் பார்த்தோம். இதே வேகத்தில் குறைந்தால் வால்பாறைக்கு முன்பே நின்றுவிடும். வண்டியைத் திருப்பினோம்.

இறங்கும்போது நடந்ததைத்தான் நாம் இன்றுவரை மறக்கவில்லை. 47 என்றிருந்தது 50 ஆயிற்று, 55 ஆயிற்று, அடிவாரத்தில் 61 என்று காட்டியது. “அத்தா, பெட்ரோல் போடாமலேயே எப்படி ஏறுது?” என்று மகன் கேட்டான். அவனுக்கு அப்போது நம்மால் விடை கூற இயலவில்லை.

சமவெளியில் பெட்ரோல் நிரப்பி மீண்டும் மலையேறி வால்பாறையை அடைந்தபோது மணி ஆறை நெருங்கிவிட்டது. அடக்கம் முடிந்து ஆண்கள் வீடு திரும்பியிருந்தார்கள். ஜனாஸாவைத் தாமதிக்கலாகாது என்பதை நாமே மேடைகளில் சொல்லிவருகிறோம். அவர்கள் காத்திருக்கவில்லை என்று குறைகூற நமக்கு வாயில்லை. துணைவியார் மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் நம்மிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம்.

முதல் சில நாள்கள் அந்த எண்ணின் மீதுதான் நமக்குக் கோபம். ‘பொய் சொல்லும் கருவி’ என்று பலரிடமும் சொன்னோம். பிறகு, நம் வண்டியைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கிடம் அமர்ந்து பொறுமையாகக் கேட்டோம். அவர் விளக்கிய பின்னர், பொய் என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். ஆனால் வேறொரு குறை நமக்குத் தெரியவந்தது.

அந்த எண் அளந்து சொல்லப்படுவதன்று, பெருக்கிச் சொல்லப்படுவது. டேங்கில் இருக்கும் பெட்ரோலின் அளவை, அண்மையில் வண்டி கொடுத்த மைலேஜால் பெருக்கினால் அது கிடைக்கும். திண்டுக்கல்லிலிருந்து நல்ல சாலையில் சீராக ஓட்டி வந்தோம். லிட்டருக்குப் பத்தொன்பது போலக் கிடைத்தது. டேங்கில் ஆறு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. பெருக்கினால் 118. ஆக, பொள்ளாச்சியில் நாம் பார்த்தது வால்பாறைச் சாலையைப் பற்றிய செய்தியே அன்று. கடந்து வந்த சாலை இனியும் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான். எதிரில் மலை இருக்கிறது என்பது அக்கருவிக்குத் தெரியாது. மலையேறத் தொடங்கியதும் மைலேஜ் பாதிக்கும் கீழே போயிற்று, கருவி தன் சராசரியைத் திருத்திக்கொண்டே வந்தது, எண் சரிந்தது. இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரிலேயே வண்டி உருண்டால், இன்றைய இன்ஜின்கள் பெட்ரோல் செலுத்துவதையே நிறுத்திவிடுகின்றன. சராசரி உயர்ந்தது, எண் ஏறியது. மகனின் கேள்விக்கான விடை இதுவே.

பெருக்கலின் ஒரு புறம் இவ்வாறிருக்க, மறுபுறமும் உறுதியானதன்று. டேங்கிற்குள் ஒரு மிதவை கிடக்கிறது. அது உயர்வதையும் தாழ்வதையும் வைத்தே பெட்ரோலின் அளவு அறியப்படுகிறது. வண்டி ஏற்றத்தில் சாய்ந்து நின்றால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும். டேங்கும் நேரான பெட்டி வடிவில் இருப்பதில்லை. நிறைய இருக்கும்போது இந்தப் பிசகு பெரிதாகத் தெரியாது. அடியில் கொஞ்சம் கிடக்கும்போதுதான் தெரியும். நாம் அந்த எண்ணை உற்று நோக்குவதும் அப்போதுதான்.

மத்ரஸாவில் உஸூலுல் ஃபிக்ஹு படித்தவர்களுக்கு யகீன், ளன், ஷக் ஆகிய மூன்று சொற்களும் பழக்கமானவை: உறுதியான அறிவு, மிகைத்த எண்ணம், ஐயம். மிகைத்த எண்ணத்தை வைத்துச் செயல்படலாம். பல விஷயங்களில் அவ்வாறுதான் செயல்பட்டாகவும் வேண்டும். ஆயினும் அதை யகீன் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. இதை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்கும் நாம், பொள்ளாச்சியில் ஒரு ளன்னை யகீனாக எடுத்துக்கொண்டோம். அட்டகட்டியில் அதே ளன்னை வெறும் ஷக்காகத் தள்ளிவிட்டுத் திரும்பினோம். “தொடர்ந்து போயிருந்தால் ஒருவேளை சேர்ந்திருப்பீர்கள் ஹஜ்ரத், மேலே போனால் ஏற்றம் அவ்வளவு இல்லை” என்றார் மெக்கானிக். அந்த ‘ஒருவேளை’ நம்மைச் சில இரவுகள் உறங்கவிடவில்லை.

கார் உற்பத்தியாளர்களிடம் நமக்கு இருக்கும் மனக்குறையும் அந்தச் சொல்லைப் பற்றியதே. அவர்கள் தரும் கையேட்டைப் புரட்டினால், இது ஒரு மதிப்பீடு, ஓட்டும் முறைக்கும் சாலைக்கும் ஏற்ப மாறும் என்று எழுதியிருக்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்? கண்ணெதிரே ஒளிர்வது 118 என்ற எண். 117 அன்று, 120 அன்று, 118. ஒரு கிலோமீட்டர் துல்லியத்தில் கூறப்படும் ஒன்றை மதிப்பீடு என்று எந்த மனம் எடுத்துக்கொள்ளும்? ‘சுமார் 110’ என்று காட்டலாம். ‘60 முதல் 120 வரை’ என்றும் காட்டலாம். அடியில் கொஞ்சமே மிஞ்சும்போது எண்ணை நீக்கிவிட்டு வெறும் கோடுகளைக் காட்டும் வண்டிகள் உண்டு. தெரியாதபோது பேசாதிருக்கும் அந்த நாகரிகத்தைச் சற்று முன்னதாகவே தொடங்கியிருந்தால் நன்று.

இவ்விடத்தில் வேறொரு சாராரையும் குறிப்பிட வேண்டும். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று பேசும்போது, “ஜீரோ காட்டின பிறகும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டியிருக்கேன்” என்று பெருமையாகக் கூறும் நண்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பல வண்டிகளில் பூஜ்ஜியத்திற்குக் கீழேயும் கொஞ்சம் விட்டுவைக்கிறார்கள். நம் பள்ளிவாசல்களில் தொங்கும் அட்டவணையில் ஸஹர் முடிவு நேரத்தைப் பேணுதலுக்காகச் சில நிமிடங்கள் முன்னதாகப் போட்டிருப்பது போன்றதே இது. அந்தச் சில நிமிடங்கள் இருப்பது தெரியும் என்பதற்காக அதில் அமர்ந்து உண்பவரை நாம் என்ன சொல்வோம்? வண்டிக்கு வண்டி அந்த அளவு மாறுபடும் என்பதும், ஒரே வண்டியில்கூட ஏற்றத்தில் ஒன்றும் சமவெளியில் ஒன்றுமாக இருக்கும் என்பதும் அவர்கள் பேச்சில் வருவதில்லை. பெட்ரோலை இன்ஜினுக்கு அனுப்பும் பம்ப் டேங்கிற்குள்ளேயே இருக்கிறது. தன்னைச் சுற்றியுள்ள பெட்ரோலால்தான் அது குளிர்கிறது. அடிவண்டல் வரை ஓட்டிப் பழகுபவர் சில காலத்தில் பம்ப் மாற்றும் செலவையும் ஏற்க நேரிடலாம்.

“கருவியெல்லாம் எதற்கு, லிட்டருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா?” என்போரும் உண்டு. அந்தக் கணக்கும் இன்று பழையது. இப்போது நம் நாட்டு பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. பத்து விழுக்காட்டுக் கலப்புக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட பழைய நான்கு சக்கர வண்டிகளில் இதனால் 6 முதல் 7 விழுக்காடு வரை மைலேஜ் குறையலாம் என்று 2021இல் வெளியான நிதி ஆயோக் அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. நம் காரும் அந்த வயதுடையதே. நல்ல வேளையாக, டேஷ்போர்டு எண் இந்தக் குறைவைத் தன் சராசரியில் தானாகவே சேர்த்துக்கொள்கிறது. அந்த வகையில் நம் நினைவிலிருக்கும் பழைய கணக்கைவிட அது மேலானது. ஆகவே அதைத் துணியால் மூடிவிடுங்கள் என்று நாம் கூற வரவில்லை. சமவெளியில், பழகிய சாலையில், டேங்க் பாதிக்கு மேல் இருக்கும்போது அது நல்ல துணைதான்.

மலைக்கு அந்த எண்ணைக் கொண்டு போகக் கூடாது. மலையடிவாரத்தில் காணும் எண்ணைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பாதியும் போகும் தூரத்தைவிடக் கணிசமாக மிகுந்திருந்தாலன்றி வண்டியை ஏற்றக் கூடாது. நம் கணக்கில் 118இல் பாதி 59. போக வேண்டியதோ 65. பொள்ளாச்சியிலேயே விடை வந்துவிட்டது. இரவுப் பயணமானாலும், முதியவரோ கைக்குழந்தையோ உடனிருந்தாலும், கால் டேங்கிற்குக் கீழே இறங்கவிடாமல் நிரப்பிக்கொள்ள வேண்டும். பின்னிருக்கையில் இருப்போர் அந்த எண்ணைப் பார்ப்பதில்லை. ஓட்டுபவரை நம்பி அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் நம்மிடம் அமானத்.

சென்ற வாரம் மாமாவின் வீட்டாரைப் பார்க்க மீண்டும் வால்பாறை சென்றோம். பொள்ளாச்சியில் பங்க்கில் வரிசை அன்றைவிடவும் நீண்டிருந்தது. மாமியார் இம்முறை ஒன்றும் சொல்லவில்லை. நாமே போய் வரிசையின் கடைசியில் நின்றோம். நம் முறை வர இருபது நிமிடங்கள் ஆயின.