மைதானம் யாருக்கு? இளையோர் கால்பந்தின் தோல்விக் கணக்கு

2022 அக்டோபர் 11 அன்று புவனேசுவரத்தின் கலிங்கா அரங்கில், 17 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் கால்பந்து அணி தனது முதல் உலகக்கோப்பை ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 0–8 எனத் தோற்றது. அடுத்து மொராக்கோவிடம் 0–3, பிரேசிலிடம் 0–5. மூன்று ஆட்டங்களில் 16 கோல்கள் வாங்கிய அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. 2017இல் தில்லியில் ஆடிய ஆண்கள் அணியும் அமெரிக்கா, கொலம்பியா, கானா ஆகிய மூன்றிடமும் தோற்றது. வாங்கியது 9, அடித்தது 1. இருமுறையும் தகுதிச் சுற்றில் வென்று அல்ல, போட்டியை நடத்தும் நாடு என்பதாலேயே இந்தியாவுக்கு இடம் கிடைத்தது.

இந்த எண்களைக் காட்டி, 'நம் பிள்ளைகளுக்குத் திறமை இல்லை' என்று தீர்ப்பு எழுதுவது எளிது. ஆனால் சான்றுகள் அத்தீர்ப்புக்கு எதிராக இருக்கின்றன. 1974இல் பாங்காக்கில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியா ஈரானுடன் கோப்பையைப் பகிர்ந்துகொண்டது. 2018இல் மலேசியாவில் நடந்த 16 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியப் போட்டியில், இந்திய அணி ஒரு கோல்கூட வாங்காமல் காலிறுதிக்கு முன்னேறி, தென்கொரியாவிடம் 0–1 என்றே தோற்றது. அந்த ஓர் ஆட்டத்தை வென்றிருந்தால் உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றிருக்கும். எனவே குறை பிள்ளைகளிடம் இல்லை. அவர்களுக்கு வாய்ப்பை வழங்கும் முறையில்தான் இருக்கிறது.

2022 அணியின் தலைவி அஸ்தம் ஒராவ்ன், ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்தைச் சேர்ந்த பழங்குடிப் பெண். 21 பேர் கொண்ட அணியில் அறுவர் அம்மாநிலத்தவர். அவர் தலைவியான பிறகே அவரது ஊருக்குச் சாலை போடும் வேலை தொடங்கியது. அவருடைய பெற்றோர் அந்தச் சாலைப் பணியிலேயே தினக்கூலிகளாக வேலை செய்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில், போட்டிக்கு இரண்டு மாதங்களே இருந்த நிலையில், நிர்வாகச் சிக்கலால் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. 11 நாள்களுக்குப் பிறகே தடை நீங்கியது. அதிகாரத்துக்கான சண்டை பெரியவர்களுடையது. 0–8 மட்டும் சிறுமிகளின் பெயரில் எழுதப்பட்டது.

தோல்வியின் பாரத்தைச் சுமப்பவர் யார் என்பதிலும் சாதி இருக்கிறது. 2021 டோக்கியோ ஒலிம்பிக் ஹாக்கி அரையிறுதியில் இந்தியப் பெண்கள் தோற்றபோது, ஹரித்துவாரில் வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் நின்று சாதியைச் சொல்லி ஏசினார்கள். 2023இல் குஜராத்தின் காகோஷி கிராமத்தில், பள்ளி மைதானத்தில் கிரிக்கெட் பந்தை எடுத்த தலித் சிறுவன் மிரட்டப்பட்டான்; அதைத் தட்டிக்கேட்ட குடும்பத்தில் ஒருவரின் கட்டைவிரல் வெட்டப்பட்டது.

குஜராத் தொலைவில் இருக்கிறது என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. வழக்குகளுக்காகத் திருப்பத்தூர் வட்டாரச் சிற்றூர்களுக்குச் செல்லும்போது நான் காண்பது இதுதான்: மைதானம் ஊர்ப்பக்கம் இருக்கிறது, சேரிப் பிள்ளைகள் கண்மாய்க் கரையிலும் அறுவடை முடிந்த வயலிலும் ஆடுகிறார்கள். 2024இல் தமிழ்நாடு அரசு 'கலைஞர் விளையாட்டு உபகரணங்கள்' தொகுப்பை ஊராட்சிகளுக்கு வழங்கத் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது, பந்து எந்தத் தெருவுக்குப் போகிறது என்பதே நம் கேள்வி.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. பொதுநிதியில் பராமரிக்கப்படும் பொது இடங்களைப் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் கூறு 15(2). பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் ஓர் ஊரின் பொதுச்சொத்து வளங்களைப் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதை, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1) குற்றமாக்குகிறது. கிணற்றுக்கும் சுடுகாட்டுக்கும் நாம் எழுப்பிய இந்த உரிமைக் குரலை விளையாட்டு மைதானத்துக்கும் எழுப்ப வேண்டும்.

மாணவத் தோழர்கள் இதைத் தம் ஊரிலிருந்தே தொடங்கலாம். விளையாட்டுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் எது, உபகரணங்கள் யாருக்கு வழங்கப்பட்டன என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் பெறுங்கள். அடுத்த கிராமசபையில், மைதானம் அனைத்துத் தெருப் பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் பொது என்ற தீர்மானத்தைப் பதிவு செய்யுங்கள். தடுத்தால் புகார் அளியுங்கள்.

ஊரில் பாதிப் பிள்ளைகளை எல்லைக்கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, மீதிப் பாதியிலிருந்து தேர்ந்தெடுக்கும் அணியை 'தேசிய அணி' என்கிறோம். அந்த அணி தோற்பதில் வியப்பென்ன?